கைதட்டலும் கச்சேரிதான்!

1971 ஆகஸ்டு 1. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்டும் கச்சேரி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் அதிரக் கரகோஷம்! சுருதியே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்றார் ரவிசங்கர். அந்தக் கைதட்டலை வெட்டாமல் இசைத்தட்டிலும் விட்டுவைத்தார்கள்.

இது ஒலிப்பதிவாளருக்குத் தீராத தலைவலி. சிதாரின் மெல்லிய நாதம் கேட்க ஒலியைக் கூட்டினால் ரசிகரின் இருமலும் கூடவே எழும். கரகோஷத்தை அடியோடு வெட்டினாலோ, பூட்டிய அறையில் வாசித்தது போலாகிவிடும். ஆகவே கடைசி நாதம் அடங்கும்வரை விட்டு, கைதட்டலைப் படிப்படியாகத் தணிப்பதே முறை.

மார்கழிக் கச்சேரியை ஊர் விட்டு வந்து பதிவில் கேட்பவருக்கு, முன்வரிசை ரசிகரின் 'பேஷ்!' தானே பக்கத்துத் துணை?