கண்ணளவும் எண்ணளவும்

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி வழியாக வடக்கே சென்றால், நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மெல்ல மறைகின்றன. தடிக்காரன்கோணத்தைத் தாண்டியதும் ரப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். கீரிப்பாறையில் உள்ள தோட்டங்கள் 1984இல் அமைக்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தைச் சேர்ந்தவை. மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தில் சிறு விவசாயிகளின் தோட்டங்கள் ஏராளம். தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குமரி மாவட்டம்தான்.

பொழுது புலரும் வேளையிலேயே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து விவசாயி விற்பனைக்குக் கொண்டு செல்கிறார். அதை எடை போட்டால் மட்டும் விலை சொல்லிவிட முடியுமா? முடியாது. ஏனென்றால் அந்தப் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம்தான். அதுவும் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே ‘உலர் ரப்பர் அளவு’ என்ற ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பாலில் உலர் ரப்பர் உண்மையில் 36 சதவீதம். அளப்பவர் 33 என்று குறித்துவிட்டார். கிலோ 200 ரூபாய் எனக் கொண்டால், அன்று மட்டும் விவசாயிக்கு 600 ரூபாய் நட்டம். மாதத்தில் 20 நாள் இப்படியே நடந்தால் 12,000 ரூபாய்! ஓர் எண் தவறினால் ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கே தடுமாறிவிடும்.

இந்த எண்ணை அறிய இரண்டு வழிகள் உண்டு. ‘மெட்ரோலாக்’ என்னும் மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டால், பாலின் அடர்த்தியைக் கொண்டு உடனே ஒரு மதிப்பைக் காட்டும். ஆனால் பால் சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் அடர்த்தி மாறும். கலக்கும் தண்ணீரில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் விடை பிசகும். இரண்டாவது வழியில், கொஞ்சம் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தி, மறுபடியும் நிறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், விடை நம்பகமானது. எந்த வழியில் அளந்தார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், ஏட்டில் உள்ள ‘36’ என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஷீட் ரப்பரின் கதையைக் கேளுங்கள். புகையூட்டிய ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி உண்டா, பூஞ்சை உண்டா என்று கண்ணால் பார்த்தே முதல் தரம், இரண்டாம் தரம் என ஐந்து வரை பிரிப்பார்கள். பழகிய கண்கள்தாம், ஆனாலும் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு தரம் வந்துவிடலாம். 1965இல் மலேசியா ஒரு புது வழி காட்டியது. ரப்பரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, எண்களைக் கொண்டு தரம் சொல்லும் முறை அது. இந்தியாவின் கட்டி ரப்பருக்கும் அத்தகைய தரங்கள் உண்டு. ‘ஐ.எஸ்.என்.ஆர். 20’ என்றால் அழுக்கு 0.20 சதவீதத்தை மீறக் கூடாது. ‘5’ என்றால் 0.05 சதவீதம். பெயரிலேயே அளவு இருக்கிறது! ரப்பரைக் கரைத்து, 45 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் வடித்து, தங்கியதை நிறுத்தால் அழுக்கின் அளவு தெரிந்துவிடும். மற்றொரு சோதனையில் ரப்பரின் இளகுதன்மையை அளந்து, 140 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, மீண்டும் அளக்கிறார்கள். முதல் அளவில் எத்தனை சதவீதம் மிஞ்சியது என்பது அந்த ரப்பர் எளிதில் கெடுமா, தாங்குமா என்பதைச் சொல்லிவிடும்.

சரி, எண்கள் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கையுறை செய்பவர்கள் கெட்டிப் பாலை வாங்குகிறார்கள். பசும்பாலிலிருந்து பாலாடையைப் பிரிப்பது போல, ரப்பர் பாலை மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி 60 சதவீதம் ரப்பர் இருக்குமாறு கெட்டியாக்குவார்கள். ஒரு நாள் 60.2, அடுத்த நாள் 60.4, பிறகு 60.3, 60.1 என்று வருகிறது. எண் சற்று இறங்கியதும் எந்திரத்தைத் திருகலாமா? அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் என்னும் அறிஞர் 1924இல் இதற்கு விடை கண்டார். எந்தச் செயலிலும் தற்செயலான ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். அதைத் துரத்திக்கொண்டு ஒவ்வொரு முறையும் திருகினால் ஏற்ற இறக்கம் கூடத்தான் செய்யும் என்பது அவர் கருத்து. தொழிலாளியைக் கண்டிப்பதும் அப்படியே வீண். எனக்கு இந்தக் கருத்து அறிவியலாக மட்டுமல்ல, நியாயமாகவும் படுகிறது.

ஷூவார்ட் செய்தது எளிது. பழைய அளவீடுகளின் சராசரி 60.3, திட்ட விலக்கம் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கம் தள்ளிக் கோடு கிழியுங்கள்: 60.6, 60.0. தற்செயலால் மட்டும் ஒரு புள்ளி இந்தக் கோடுகளுக்கு வெளியே விழும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். 59.7 வந்தால் உடனே காரணத்தைத் தேட வேண்டும். இன்னொரு குறிப்பும் உண்டு. எல்லாப் புள்ளிகளும் கோடுகளுக்குள்ளேயே இருந்தும், தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக்குக் கீழே விழுந்தால் எச்சரிக்கை! காசைச் சுண்டினால் எட்டு முறையும் பூவே விழும் வாய்ப்பு 256இல் 1 அல்லவா? எந்திரத்தில் எங்கோ உறைபால் அடைக்கத் தொடங்கியிருக்கலாம். பால் கெடுமுன்பே வரைபடம் சொல்லிவிடுகிறது. கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகாலனோபிஸ் இதன் அருமையை உணர்ந்தவர். 1947-48இல் ஷூவார்ட் இந்தியாவுக்கே வந்து சென்றார்.

அன்று பென்சிலால் வரைந்த படத்தை இன்று கம்ப்யூட்டர் வரைகிறது. புதிய தொழிற்சாலைகளில் வெப்பம், வேகம், பாலின் ஓட்டம் ஆகியவற்றை உணர்விகள் சில நொடிகளுக்கு ஒரு முறை பதிவு செய்கின்றன. ஆனால் ஓர் எந்திரம் செல்சியஸிலும் மற்றொன்று பாரன்ஹீட்டிலும் எழுதினால்? ஒன்றின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால்? கெட்ட பால் எந்தப் பீப்பாயில் போயிற்று என்று தேடும்போது, குற்றமற்ற பீப்பாயின் மீது பழி விழும். ‘ஸ்மார்ட்’ தொழிற்சாலை என்று விளம்பரம் செய்பவர்கள் உணர்விகளின் எண்ணிக்கையைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்; கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்பதைச் சொல்வதில்லை! இதற்காகவே உலகப் பொதுத் தரமுறைகள் ஏற்பட்டுள்ளன. ஐ.எஸ்.ஓ. 7870 கட்டுப்பாட்டு வரைபடங்களைப் பற்றியது, ஐ.இ.சி. 62541 எந்திரங்கள் தமக்குள் செய்தி பரிமாறும் முறையைப் பற்றியது. ஆய்வுக்கூடங்களும் ஒரே மாதிரியைப் பகிர்ந்துகொண்டு சோதித்து, விடைகளை ஒப்பிட்டுக்கொள்வதுண்டு.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வகுப்பில் உள்ள மேசையின் நீளத்தைப் பத்து மாணவர்கள், ஒருவர் விடையை மற்றவருக்குச் சொல்லாமல், தத்தம் 30 செ.மீ. அளவுகோலால் மில்லிமீட்டர் வரை அளக்கட்டும். பத்து எண்களையும் கரும்பலகையில் புள்ளிகளாகக் குறியுங்கள். பிறகு எந்த விளிம்பிலிருந்து தொடங்குவது, அளவுகோலை நகர்த்தும்போது எங்கே கோடு போடுவது என்று எல்லோரும் கூடி முடிவு செய்து, மறுபடியும் அளந்து, அந்தப் புள்ளிகளைப் பக்கத்திலேயே குறியுங்கள். இரண்டு கூட்டங்களில் எது அதிகம் சிதறியிருக்கிறது?