வேட்டைக்காரரின் மான் கவலை

அடி அண்ணாமலை வழியே கிரிவலம் வரும் அன்பர்கள், காட்டோரம் புள்ளிமானைக் கண்டால் நின்று மகிழ்கின்றனர். மானினம் அருகுவதை எண்ணி வேட்டைக்காரர்களே சங்கம் கூட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? நீலகிரியில் கடமான்கள் குறையவே, வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்கள் 1877-இல் சங்கம் அமைத்தனர். 1879-இல் சென்னை அரசாங்கம் சட்டமும் செய்தது. காத்தது மானையா, தங்கள் விளையாட்டையா?

சுதந்திர பாரதமோ 1972-இல் வனவிலங்குச் சட்டம் இயற்றி, 1991-இல் திருத்தி, மான் வேட்டையையே விலக்கிற்று. இன்று அண்ணாமலைச் சாரலில் மானுக்கு எமனாவன தெருநாய்களும் மோட்டார் வண்டிகளும். துப்பாக்கியைச் சட்டம் தடுத்தது. இவற்றை நாமன்றோ தடுக்க வேண்டும்? நாய்களைக் கூட்டும் எச்சில் இலையைப் பாதையில் எறியாதிருப்போம். வண்டியை மெல்லச் செலுத்துவோம். அதுவும் கிரிவலப் புண்ணியமே.