உப்பு விளையும் கோடை

கோடை பிறந்துவிட்டால், வசதியுள்ள குடும்பங்களில் உதகமண்டலமா, கொடைக்கானலா என்ற விவாதம் எழுவது வழக்கம். வசதி குறைந்த குடும்பங்களில் பானை ஜலத்தையும் நீர்மோரையும் நம்பிக் காலந்தள்ளுவார்கள். வெயிலைக் கண்டு ஒதுங்குவது மனித சுபாவம். ஆனால், "இன்னும் சற்று உறைத்துக் காயக்கூடாதா?" என்று சூரிய பகவானை வேண்டிக்கொள்ளும் ஜனங்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள்தாம் உப்பளத் தொழிலாளர்கள்.

அவர்களுடைய வேலையை நேரில் கண்டு எழுதும் பொருட்டு, சித்திரை மாதக் கடைசியில் நாம் வேதாரணியத்துக்குப் பிரயாணமானோம். "அக்கினி நட்சத்திரத்தில் அங்கே என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். மழைக்காலத்தில் போனால் உப்பளத்தைக் காணலாமேயன்றி உப்பைக் காண முடியாது என்று பதில் சொன்னோம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த இந்தப் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. வயல்களும் தென்னந்தோப்புகளும் கழிந்து கடைசிப் பகுதியை அடைந்ததும், பூமி முழுவதும் சதுரம் சதுரமாக வெட்டிய கண்ணாடிப் பலகைகளைப் பரப்பினாற்போல் உப்பளங்கள் தோன்றுகின்றன. வரப்போரங்களில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது பனிமலைத் தொடரோ என்று தோன்றும். கிட்டே போனால்தான் அது எத்தகைய பனிமலை என்பது தெரியும்!

உப்பு விளைவிப்பது உழவுத் தொழிலுக்குச் சிறிதும் இளைத்ததன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சோற்றில் சேர்க்கும் உப்பு 27 கிராம் அளவு இருக்கும். எஞ்சியவை சுண்ணாம்புச் சத்தும், மக்னீஷியம் முதலிய கசப்புச் சரக்குகளும் ஆகும். கடல்நீரை ஒரே பாத்தியில் காயவிட்டால் எல்லாம் கலந்து கசக்கும். ஆகவே, நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிப் படிப்படியாகக் காய்ச்சுகிறார்கள். முதற் பாத்திகளில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. பத்துப் பங்கு நீர் ஏறக்குறைய ஒரு பங்காகச் சுண்டியதும், அதைக் கடைசிப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். அங்கேதான் உப்பு பூக்கிறது. உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை உரிய சமயத்தில் வடித்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் உப்பில் கசப்பு ஏறிவிடும்.

இத்தனைக்கும் செலவாகும் விறகு சூரிய வெப்பம் ஒன்றே. காற்று அதற்குத் துணை. இடையிலே ஒரு கோடை மழை பெய்துவிட்டாலோ, பல நாள் உழைப்பு சில நாழிகையில் கரைந்து ஓடிவிடுகிறது. ஊரெல்லாம் "அப்பாடா, மழை!" என்று மகிழும் வேளையில் உப்பளத்தில் மாத்திரம் முகங்கள் வாடுவதன் காரணம் இதுதான்.

விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் ஆண்கள் உப்பை வாரி ஒதுக்குகிறார்கள். பெண்கள் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுகிறார்கள். வெயில் ஏற ஏற, மேலே சூரியன் ஒன்று, கீழே பாத்திதோறும் சூரியன் ஒவ்வொன்று. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதே நமக்குப் பெரும்பாடாயிற்று. இவர்களோ அந்த ஒளியை ஆண்டுக்கணக்கில் பார்த்து நிற்கிறவர்கள். நாள் முழுதும் உப்புநீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பு. வெடிப்பிலே மறுபடியும் உப்பு. புண்ணில் உப்பைத் தடவினாற்போல என்று நாம் உவமையாகச் சொல்வதை இவர்கள் தினந்தோறும் அனுபவிக்கிறார்கள்.

கடற்கரை வெயிலுக்கு மற்றொரு கொடுமையும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் உடலில் சுரக்கும் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தாலன்றோ உடல் குளிரும்? வெப்பம் உள்ளேயே தங்கி, தலைச்சுற்றலும் தசைப்பிடிப்பும் உண்டாகின்றன. போதிய நீர் அருந்தாமல் நெடுங்காலம் இப்படி உழைப்பவர்களுக்குச் சிறுநீரகமும் பழுதுபடக்கூடும் என்று வைத்திய நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்.

வரப்பில் சற்று உட்கார்ந்திருந்த ஒரு முதிய அம்மாளிடம், "தண்ணீர் நிறையக் குடிக்கக்கூடாதா, அம்மா?" என்று கேட்டோம்.

"குடிக்கலாம் ஐயா. குடித்தால் ஒதுங்க வேண்டாமா? மறைவு எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

சுற்றிலும் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் இல்லை. ஒரு சுவர் இல்லை. நமக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த மண்ணின் பெருமையை நேயர்கள் அறிவார்கள். 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உப்புத் தொழிலை ஆங்கில சர்க்கார் தன் பிடியில் வைத்திருந்தது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த 1930-ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 13-ந் தேதி, ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். இதே சித்திரை வெயிலில் சுமார் 150 மைல்! தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். ஜனங்கள் அந்த உத்தரவை மதிக்கவில்லை. மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களின் பசியாற்றினார்கள் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்தார்கள். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பள்ளிச் சிறை சென்றார். தொண்டர்களுக்கு ஊரில் ஆதரவாக நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. அகஸ்தியம்பள்ளியில் ஞாபகஸ்தூபி நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-இல் தேசபக்தர்கள் அங்கே கூடி உப்பள்ளி, அந்த நாளைப் போற்றுகிறார்கள்.

மெத்தவும் சரிதான். ஆனால் ஒரு பிடி உப்பை அள்ளுவதற்கு ஆண்டில் ஒரு நாள் வருகிறவர்கள் நாம். கூடை கூடையாக அள்ளுகிறவர்கள் மறுநாளும் அங்கேயே நிற்கிறார்கள். உப்புக்கு விடுதலை கிடைத்தது. உப்பு விளைவிப்பவர்களுக்கு நிழல் கிடைத்ததா என்ற கேள்வியை அந்த ஸ்தூபியின் அடியில் நின்று கேட்பது தேசபக்திக்கு விரோதமாகாது. உப்பு ஏழையின் பண்டம் என்பதற்காகவே காந்தியடிகள் அதைக் கையிலெடுத்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது, பாத்திகளெல்லாம் சேறு மூடிப்போயின. வேலையற்ற மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் செய்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும், மழைக்கால உதவியோடு கோடைக்காலப் பாதுகாப்பும் வேண்டும். இவர்களுக்கு வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல: பாத்திகளுக்கு அருகே ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு குடம் நல்ல தண்ணீர், பெண்களுக்கு ஒரு மறைவிடம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் ஜோடு, உச்சி வேளையில் ஓய்வு. இவற்றுக்கு ஆகும் செலவை உப்பின் விலையில் ஏற்றினாலும், நம் வீட்டு மாதச் செலவில் அது தெரியவும் தெரியாது.

பண்டங்களுள் மலிவானது உப்பு. அதனாலேயே, கடைக்காரரிடம் அதற்குப் பேரம் பேசுவதுகூட நமக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். விருந்திட்டவரை நினைத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு நாம் பொருள் கண்டு வந்திருக்கிறோம். வெயிலில் நின்று அந்த உப்பை வாரியவரையும் அதில் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம். அவரை நினைப்பதோடு நில்லாமல், அவருக்கு ஒரு கொட்டகை நிழலையாவது கேட்டு வாங்கித் தருவது நம் கடமையாகும்.