புண் இல்லாத வலி

ரப்பர் கையின் விரலை ஒருவர் பின்பக்கமாக வளைக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் சொந்தக் கை தடுப்புக்குப் பின்னால் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு வியர்க்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் புகழ்பெற்ற நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கேரி ஆர்மலுடன் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட சோதனை இது. பொய்க்கையையும் மறைத்து வைத்த மெய்க்கையையும் ஒரே தாளத்தில் வருடிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் மூளை பொய்க்கையைத் தன்னுடையது என்று சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அதற்கு ஓர் ஆபத்து என்றால் உடம்பு பதறும்; தோலின் மின்கடத்தல் எகிறுவதைக் கருவி காட்டிக்கொடுக்கும். கைகூட வேண்டாம், வெறும் மேஜையை வருடியே இதைச் செய்து காட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

விஆர் எனப்படும் மெய்நிகர் உலகைக் கட்டுபவர்களுக்கு இது பெரிய வசதி. விளையாட்டில் அம்பு பட்டால் சுருக்கென்று தைக்க வேண்டும், தீயணைப்புப் பயிற்சியில் அனல் அடிக்க வேண்டும். தோலில் மட்டும் ஒரு கீறல் விழக் கூடாது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் குழு உருவாக்கிய ‘ஐடேட்’ தொடுதிரை, மின்புலத்தால் உராய்வை மாற்றி, வழவழப்பான பரப்பிலேயே சொரசொரப்பை உணரவைக்கிறது. சொரசொரப்பு சரி, சூட்டுக்கு என்ன செய்வது?

1896-லேயே ஸ்வீடனின் துன்பேர்க் என்பவர் ஒரு வழி சொல்லிவிட்டார். 40 டிகிரி கம்பியையும் 20 டிகிரி கம்பியையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கையை வைத்தால் சுரீரென்று எரியும். தனித்தனியே தொட்டால் இரண்டும் ஒன்றும் செய்யாது.

இன்னொரு வழி நம் அடுக்களைகளுக்குப் புதிதல்ல. பச்சை மிளகாய் நறுக்கிய கை எரிகிறதே, அங்கே தீ ஏது? சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் நரம்புக் கதவை, மிளகாயிலுள்ள கேப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. அந்தக் கதவை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தினர், தோலில் ஒட்டும் சிலிகோன் பட்டை வழியே கேப்சைசினைக் கசியவிட்டுச் சூட்டையும், மெந்தாலால் குளிரையும் வரவழைத்தார்கள்.

சிக்கல் நிறுத்துவதில்தான். திரையில் தீ அணைந்தாலும் தோலில் காந்தல் உடனே அடங்காது. வலியின் அளவைவிட, வேண்டாம் என்றதும் அது நிற்குமா என்பதே இங்கே முதல் கேள்வி. தசையைச் சுண்டும் மின்துடிப்புக் கருவிகள் அந்த வகையில் தேவலை. பொத்தானை அழுத்தியதும் நின்றுவிடும். ஆனால் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அவற்றை மாட்டிக்கொள்ளக் கூடாது.