ஊருக்குப் பெயர் தந்த நிலையம்

ஊர் தோன்றிய பின் அங்கே இரயில் நிலையம் அமைவதே உலக வழக்கம். நிலையம் முந்திக்கொள்ள, அதன் பெயரை ஊர் ஏற்றுக்கொண்ட விந்தையை டோக்கியோவின் மேற்குப் புறநகரான குனிடாச்சியில் காண்கிறோம்.

1923 செப்டம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் டோக்கியோவின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. நகர் நடுவே இருந்த வணிகவியல் பல்கலைக்கழகமும் தன் கட்டடங்களை இழந்தது. அதனை வரவழைத்து, யாஹோ என்னும் சிற்றூரின் காட்டு நிலத்தில் கல்வி நகரொன்றை எழுப்ப முற்பட்டார் சுட்சுமி யாசுஜிரோ என்ற நிலவணிகர். பயணிகள் இன்றேல் நகர் ஏது? எனவே அவரது நிறுவனமே நிலையத்தைக் கட்டி இரயில்வேத் துறையிடம் ஒப்படைத்தது. 1926 ஏப்ரல் முதல் நாள் அது திறக்கப்பட்டது. செந்நிற முக்கோணக் கூரை, வெண்சுவர், அரைவட்டச் சன்னல். வாயிலிலிருந்து நேரே 44 மீட்டர் அகலச் சாலை.

பெயர் வைத்த கதை சுவையானது. இருமருங்கும் இருந்த நிலையங்கள் கொக்குபுஞ்சியும் தாச்சிகாவாவும். இரண்டின் முதல் எழுத்துகளையும் சேர்த்தனர், குனிடாச்சி பிறந்தது. அவ்விரு எழுத்துகளையே வேறு விதமாய் ஒலித்தால் ‘அரசு நிறுவியது’ என்று பொருள்படும். புதிதாய் வருவோர் தடுமாறுவதில் வியப்பென்ன! 1951-இல் யாஹோ கிராமம் நகரியமானபோது நிலையத்தின் பெயரையே சூடிக்கொண்டது.

சோதனை பின்னர் வந்தது. சூவோ இருப்புப்பாதையில் வண்டிகள் பெருகப் பெருக, காலை வேளைகளில் இரயில்வே கேட்டுகள் திறப்பதே அரிதாயிற்று. ‘திறவாத கேட்’ என்றே மக்கள் அவற்றைப் பழித்தனர். அலுவலகம் செல்வோரும், நோயாளியைச் சுமந்த வண்டியும் அங்கே காத்துக் கிடந்தனர். பாதையை மேம்பாலத்தில் ஏற்றுவதொன்றே வழி. ஆனால் பழைய நிலையம் பணிக்கு இடையூறாக நின்றது. கூரையைக் காப்பதா, காத்துக் கிடப்போரின் துயர் தீர்ப்பதா? இரண்டுமே நியாயமான வேண்டுகோள்கள் என்பதுதான் இதன் கடினம்.

நகராட்சி அக்கட்டடத்தைப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. 2006-இல் அதனை இடிக்காமல், மரம் மரமாகப் பிரித்தெடுத்துச் சேமித்து வைத்தனர். மித்தாக்கா முதல் தாச்சிகாவா வரை பாதை முழுவதும் 2010-இல் உயர்த்தப்பட்டு, அவ்வழியில் இருந்த 18 கேட்டுகளும் மறைந்தன. கூரை மட்டும் திரும்பவில்லை. நிலத்தை இரயில்வே நிறுவனத்திடமிருந்து நகராட்சி விலைக்கு வாங்க வேண்டியிருந்தது, பொருளும் வேண்டியிருந்தது, மக்கள் நன்கொடை அளித்தனர். பதினான்கு ஆண்டுகள்! நம்மில் பலர் அதற்குள் மறந்தே போயிருப்போம்.

2020 ஏப்ரலில், சேமித்த மரங்களில் பயன்பட்டவற்றைக் கொண்டே அது மீண்டும் எழுந்தது. அதே ஆண்டில்தான் டோக்கியோவின் ஹராஜுகு நிலையம், 1924-இல் கட்டப்பட்ட மற்றொரு மரக் கட்டடம், பணி முடிந்து பிரிக்கப்பட்டது.

குனிடாச்சியில் இன்று வண்டிகள் மேம்பாலத்தில் ஓடுகின்றன. கீழே செந்நிறக் கூரையின் அடியில் பயணச்சீட்டு விற்பார் இல்லை. ஊரின் வரலாற்றைச் சொல்லும் காட்சியறையும், வழி கேட்போர்க்கு விடை கூறும் இடமும் அங்கே உள்ளன. வண்டிக்கு நேரமிருப்போர் சற்று அமர்ந்து செல்கின்றனர்.