நாயின் புண்ணும் நம் பொறுப்பும்

“நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடா!” என்று கேட்டுச் சிரித்த காலம் ஒன்று உண்டு. இன்று பெட்டை நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்வது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. சிற்றூர்களிலும் பரவி வருகிறது. தெரு நாய்களுக்கு இவ்வறுவையைச் செய்வது பற்றி மைய அரசு 2001ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. அவற்றுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. வீட்டு நாயைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியவர் அதை வளர்ப்பவரே.

மருத்துவரின் மேசை மீது நடக்கும் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். புண் ஆறுவதோ நம் வீட்டில். அதற்கு இரண்டு வாரங்களாவது வேண்டும். “ஓட விடாதீர்கள், நக்க விடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். ஏன் என்று விளக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. காரணம் தெரியாத விதியை நாம் மூன்றாம் நாளே தளர்த்திவிடுகிறோம். ஆகவே அந்தக் காரணங்களை இங்கே காண்போம்.

அறுவையில் நடப்பது என்ன?

பெட்டை நாயின் வயிற்றைத் திறந்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவது இந்த அறுவை. பெரும்பாலும் அவற்றோடு கருப்பையும் எடுக்கப்படுகிறது. பெண்களுக்குச் செய்யும் கருத்தடையில் கருக்குழல்கள் மட்டுமே தடுக்கப்படுகின்றன. நாய்க்குச் செய்வது அதைவிடப் பெரிய அறுவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதனால் குட்டிகள் பிறப்பது நிற்கிறது, அது மட்டுமன்று. அறுவை செய்யப்படாத பெட்டை நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவதுண்டு. ஸ்வீடன் நாட்டில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 10 வயதிற்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு இந்நோய் வந்திருப்பது தெரிந்தது. காலத்தில் கவனிக்காவிட்டால் இது உயிரைப் பறிக்கும். கருப்பையும் சினைப்பைகளும் இல்லாத நாய்க்கு அந்த அச்சம் இல்லை.

வயிற்றைத் திறந்த மருத்துவர் அதை அடுக்கடுக்காகத் தைத்து மூடுகிறார். உள்ளே தசையையும் அதன் உறையையும் இணைக்கும் தையல் ஒன்று, தோலுக்கடியில் ஒன்று, வெளியே தோலில் ஒன்று. நம் கண்ணுக்குத் தெரிவது தோல் தையல்தான். ஆனால் வயிற்றைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் முதல் தையலே.

முதல் இரவு: குளிரே பகை

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நம்முடையதைவிடச் சற்று அதிகம். மயக்க மருந்து மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை மந்தப்படுத்துகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறுகிறது. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறனும் அப்போது இல்லை. வயிற்று மயிரை மழித்து, ஸ்பிரிட் கொண்டு துடைக்கும்போது, ஆவியாகும் திரவம் தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை நாயின் உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வயிறு திறந்திருக்கும் நேரத்தில் மேலும் வெப்பம் போகிறது.

சிறிய நாய்க்கு இந்த இழப்பு விரைவாக நிகழும். 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் பரப்பு 600 சதுர செ.மீ.; கன அளவு 1,000 கன செ.மீ. பக்கத்தை 20 செ.மீ. ஆக்கினால் பரப்பு 2,400. கன அளவு 8,000. முதலாவதில் ஒரு கன செ.மீ.க்கு 0.6 சதுர செ.மீ. பரப்பு, இரண்டாவதில் 0.3 மட்டுமே. வெப்பம் உண்டாவது உடலின் பருமனில். வெளியேறுவது அதன் பரப்பின் வழியே. எனவேதான் சின்னஞ்சிறு நாயைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த நாயை வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க வைக்காதீர்கள். தரை வெப்பத்தை எளிதில் கடத்தும். நான்காக மடித்த சாக்கின் மேல் பழைய போர்வையை விரித்தால் போதும். இழைகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெந்நீர்ப் புட்டியை உடலோடு நேரே வைப்பது ஆபத்து. மயக்கம் தெளியாத நாய் சூட்டை உணர்ந்து விலகிக்கொள்ளாது; தோல் வெந்துவிடும். கோடைக்காலமானால் இதற்கு நேர்மாறான கவலை வேண்டும். நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மயக்கத்தில் உள்ள நாயை வெயிலிலோ தகரக் கொட்டகையின் கீழோ விடக்கூடாது.

நன்றாக விழித்து, தடுமாறாமல் நிற்கத் தொடங்கிய பின்னரே நீர் கொடுக்க வேண்டும். அதுவும் சிறிது சிறிதாக. அரை மயக்கத்தில் ஊற்றிய நீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். அன்றிரவு வழக்கமான உணவில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை போதும். இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அறுவைக்கு முன் பட்டினி. அதன் பின் குடலும் மந்தம். ஆனால் ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழிக்காவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புண் எவ்வாறு வலுப்பெறுகிறது?

வெட்டுப்பட்ட இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்து வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளையும் இறந்த செல்களையும் அகற்றுகின்றன. இந்தத் துப்புரவு மூன்று நான்கு நாள் நடக்கும். பிறகுதான் கட்டுமானம். நார் உண்டாக்கும் செல்கள் கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்யத் தொடங்குகின்றன. கயிறு திரிக்கும் வேலை போல இது மெல்ல மெல்லவே நடைபெறும்.

தோற்புண்ணின் இழுவலிமையை அளந்து பார்த்திருக்கிறார்கள். வெட்டுப்படாத தோலின் வலிமையை 100 என்று கொண்டால், ஒரு வாரம் ஆன புண்ணின் வலிமை ஏறத்தாழ 3. மூன்று வாரத்தில் ஏறத்தாழ 20. மூன்று மாதத்தில் 80 அளவில். அதன் பிறகும் அது 100ஐ எட்டுவதில்லை. முதல் வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது திசுவன்று, நூல்தான் என்பது இதிலிருந்து விளங்கும். உள்ளே போடும் நூல்களில் ஒன்றான பாலிகிளாக்டின், உடலிலுள்ள நீரால் சிறிது சிறிதாகச் சிதைந்து மூன்று வாரத்தில் பாதி வலிமையை இழக்கும். ஏறத்தாழ எட்டு முதல் பத்து வாரத்தில் முற்றும் கரைந்துவிடும். நூல் தளரும் வேகமும் திசு வலுப்பெறும் வேகமும் ஒத்துப்போகும்படி அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது நாயின் நடத்தையைப் பாருங்கள். முதல் நாள் சோர்ந்து கிடக்கும். இரண்டாம் நாள் எழுந்து உண்ணும். மூன்றாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடும். மருத்துவர் தந்த வலி மருந்தும் அதற்குத் துணை. உற்சாகம் 90ஐத் தொட்டுவிட்டது; புண்ணின் வலிமையோ 3ஐக்கூட எட்டவில்லை! கருத்தடை நாய்க்கு மிகவும் ஆபத்தான காலம் இதுவே. “நாய் தேறிவிட்டது” என்று நாம் எண்ணும் நாளில்தான் தையல் பிரிய வாய்ப்பு அதிகம்.

ஒரு தாவலின் கணக்கு

நிமிர்ந்து நிற்கும் நமக்கு இடுப்பெலும்பு குடலின் சுமையில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. நான்கு காலில் நிற்கும் நாய்க்கு வயிற்றுச் சுவரே தரை. குடல், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. நடு வயிற்றில் போட்ட தையல் அந்தத் தரையின் நடுவிலுள்ள இணைப்பு. சில மருத்துவர்கள் விலாப்பக்கம் திறந்து அறுவை செய்கிறார்கள். அங்கே இந்தச் சுமை குறைவு என்பது அதன் நன்மைகளுள் ஒன்று.

15 கிலோ எடையுள்ள நாய் 50 செ.மீ. உயரக் கட்டிலிலிருந்து குதிப்பதாகக் கொள்வோம். கால்களை மடக்கி 10 செ.மீ. தொலைவிற்குள் அது நின்றுவிடுகிறது. உடல் இறங்கிய மொத்தத் தொலைவு 60 செ.மீ. புவியீர்ப்பு 60 செ.மீ. தொலைவில் செய்த வேலையைக் கால்கள் 10 செ.மீ. தொலைவில் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே சராசரி விசை உடல் எடையைப் போல் ஆறு மடங்கு. அதாவது 90 கிலோ எடைக்குச் சமம். உள்ளுறுப்புகளும் அவ்வாறே திடீரென்று நிற்க வேண்டும் அல்லவா? அவற்றின் ஒவ்வொரு கிலோவும் அந்தக் கணத்தில் ஏறத்தாழ ஆறு கிலோவாகி வயிற்றுச் சுவரை அழுத்துகிறது. கட்டிலில் ஏற விடாதீர்கள், மாடிப்படி வேண்டாம், வேறு நாயோடு விளையாட்டு வேண்டாம் என்பதன் பொருள் இதுதான். 10 முதல் 14 நாள் வரை, சிறுநீர் மலம் கழிக்க மட்டும் சங்கிலியில் பிடித்து மெதுவாக நடத்திச் செல்லுங்கள்.

நாக்கும் நீரும் ஈயும்

“நாய் நக்கினால் புண் ஆறும்” என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. உமிழ்நீரில் கிருமியைத் தடுக்கும் பொருள்கள் சிறிதளவு இருப்பது உண்மையே. ஆனால் அதே வாயில் எண்ணற்ற கிருமிகளும் உள்ளன. நாக்கின் உராய்வு புதிய திசுவைப் பெயர்க்கும். முன்பற்கள் நூலைக் கடித்து இழுக்கும். ஓரிரவில் தையல் முழுவதையும் நாய் பிரித்துவிட முடியும். இதைத் தடுக்கவே புனல் வடிவக் கழுத்துப்பட்டை. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி காலத்து மடிப்புக் கழுத்தணியை ஒத்திருப்பதால், அந்த அரசியின் பெயராலேயே இதை அழைக்கின்றனர். புனலின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டிச் சற்று நீண்டிருக்க வேண்டும், குட்டையானால் பயனில்லை. உண்ணும்போது நம் கண்ணெதிரே கழற்றலாம். பின் உடனே மாட்டிவிட வேண்டும். இரக்கப்பட்டு இரவில் கழற்றுவது இரக்கமாகாது.

குளிப்பாட்டக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மை கலந்த நீரில் பருத்தி நூலின் ஒரு முனையை அமிழ்த்தி, மறு முனையை மேலே பிடியுங்கள். நீர் நூல் வழியே தானாக ஏறும். இது நுண்புழை ஏற்றம். பல இழைகளை முறுக்கியோ பின்னியோ செய்த தையல் நூலும் இவ்வாறே நீரை உறிஞ்சி, அதிலுள்ள கிருமியோடு தோலுக்கடியில் கொண்டு சேர்க்கும். மஞ்சள், சாம்பல், காப்பித்தூள், தேங்காயெண்ணெய் எதையும் புண்மேல் இடாதீர்கள். அவற்றில் எதுவும் கிருமி நீக்கியதன்று. உலர்ந்த, தூய்மையான புண்ணே விரைவில் ஆறும்.

ஈயையும் மறக்கக் கூடாது. கசியும் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும். முதல் சில நாள் நாயை வீட்டிற்குள் வைத்திருப்பதும், மருத்துவர் தந்த ஈ விரட்டும் மருந்தை அவர் சொன்னபடி பயன்படுத்துவதும் அவசியம்.

நம் மாத்திரை நாய்க்கு நஞ்சு

நாய் வலியால் முனகினால் நாம் விழுங்கும் மாத்திரையில் பாதியைக் கொடுக்கும் பழக்கம் மிகவும் தீயது. இபுபுரூபன், டைகுளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்தில் பழுதையும் உண்டாக்கும். அளவு மிஞ்சிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதற்குக் கழுகுகளே சான்று. டைகுளோபினாக் செலுத்தப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிந்தன என்பது 2004இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா 2006இல் தடை செய்தது. அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட மெலாக்சிகாம், நாய்களின் வலிக்கும் மருத்துவர்கள் தரும் மருந்தே. ஆயினும் அதன் அளவை எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

தையல் ஓரம் சிறிது சிவந்திருப்பதும், முதல் நாள் ஓரிரு துளி இரத்தம் கசிவதும் இயல்பே. காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் புண்ணைப் பாருங்கள். கீழ்க்காணும் நிலைகளில் காத்திருக்கக் கூடாது.

1. ஈறு வெளுத்திருத்தல். விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெண்மை மறைந்து 2 வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே இரத்தம் கசியலாம். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள்.

2. இரத்தம் நிற்காமல் சொட்டுதல், சீழ், துர்நாற்றம், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம்.

3. உடல் வெப்பம் 39.5 டிகிரிக்கு மேல் நீடித்தல், ஓயாத வாந்தி, இரண்டாம் நாளும் உணவு மறுத்தல்.

4. தையல் பிரிந்து உள்ளிருப்பது தெரிதல். குடல் வெளியே வந்தால் அதை உள்ளே தள்ள முயலாதீர்கள். தூய துணியைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து மூடி, நாய் நக்காதபடி பிடித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். விரைந்தால் பிழைக்க வைக்க முடியும்.

இரண்டு வாரம் சென்ற பின்

10 முதல் 14 நாளில் தோல் தையலைப் பிரிப்பார்கள். அன்றே பழையபடி ஓட விடாமல், நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திசுவின் வலிமை அப்போதும் முழுமை பெற்றிருக்காது. சினைப்பைகளின் சுரப்பு நின்றபின் நாயின் ஆற்றல் தேவை குறையும், பசியோ கூடும். எனவே உணவின் அளவைச் சற்றுக் குறைக்காவிட்டால் உடல் பருத்துவிடும். கருத்தடை செய்ததால் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டாம் என்று எண்ணுவது தவறு. அது வேறு, இது வேறு. ஊசியை உரிய காலத்தில் தவறாமல் போட்டுவர வேண்டும்.

“எனக்கு இன்னும் ஆறவில்லை” என்று நாய் வாய்விட்டுச் சொல்லாது. அதன் உற்சாகத்தை நம்பாமல் நாள்காட்டியை நம்பி நடப்பதே, வாயில்லாச் சீவனுக்கு நாம் செய்யும் சிறந்த மருத்துவம்.