வெப்சைட் உங்களுடையதா, டிசைனருடையதா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவரோ தையற்கடைக்காரரோ முதன்முதலாக வெப்சைட் போட நினைத்தால், அநேகமாக வேலையை எடுத்துச் செய்பவர் கோவையிலோ பொள்ளாச்சியிலோ இருப்பார். வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நானே பாத்துக்கறனுங்க. நீங்க போட்டோவ மட்டும் வாட்ஸ்ஆப்ல அனுப்பி விடுங்க" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் பின்னால் வருகிற தகராறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

டொமைன் என்கிற வலைப்பெயரை யாரும் முழுசாக விலைக்கு வாங்குவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பணம் கட்டிப் பதிந்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். டாட் இன் பெயர்களை 2003-இல் தொடங்கிய நிக்ஸி என்னும் தேசிய இணைய இணைப்பக நிறுவனம் நிர்வகிக்கிறது. அதன்கீழ் உள்ள பதிவாளர் நிறுவனங்களிடம்தான் நாம் பணம் கட்டுகிறோம். அந்தப் பதிவில் யார் பெயர், யார் மின்னஞ்சல் இருக்கிறதோ அவரே உரியவர். நிலத்துக்கு ஆதாரம் எப்படியோ அப்படி. டிசைனர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் சாவி அவரிடம்தான். அவர் துபாய்க்குப் போகலாம், தொழிலையே விட்டுவிடலாம், பாக்கித் தொகையில் உங்களோடு மனத்தாங்கல் வரலாம்.

ஆகவே பதிவாளர் நிறுவனத்தில் கணக்கை நீங்களே திறங்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் நம்பர், உங்கள் பெயரில் பில். பாஸ்வேர்டு தவிர ஓடிபியும் கேட்கும்படி இரட்டைப் பூட்டுப் போடுங்கள். டிசைனருக்கு வேலை செய்வதற்கான அனுமதியை மட்டும் தனியாகத் தரும் வசதி பெரும்பாலான நிறுவனங்களில் இருக்கிறது. முதல் ஆண்டுக் கட்டணம் மலிவாக இருக்கும். இரண்டாம் ஆண்டு ரெனியூவல் எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். விளம்பரத்தில் அந்த எண் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

ரெனியூவலை மறப்பது சின்ன ஆட்களின் வியாதி மட்டுமல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. அமெரிக்காவில் மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதை மீட்டார். டாட் காம் போன்ற பெயர்களுக்கு உலக அமைப்பான ஐகானின் விதி இருக்கிறது: காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும். நினைவூட்டல் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும் என்பதைக் கவனியுங்கள். அசட்டையாக விட்டுப் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

டாட் காம் போன்ற பெயரை வேறு பதிவாளரிடம் மாற்ற விரும்பினால் அதற்குரிய ரகசியக் குறியீட்டை, நீங்கள் கேட்ட ஐந்து நாளுக்குள் பதிவாளர் தர வேண்டும் என்பதும் ஐகானின் விதிதான். ஆனால் கேட்கும் உரிமை பதிவில் பெயர் உள்ளவருக்கே.

உங்கள் கடைப் பெயரை வேறொருவர் டொமைனாகப் பதிந்துகொண்டால்? சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-இல் 'சிஃபி' என்ற சொல்லை வைத்துப் பெயர்கள் பதிந்தது. 2001-இல் இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி ஏறக்குறைய அதே பெயரைப் பதிந்தது. பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை விதித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, உச்ச நீதிமன்றம் 2004 மே 6-இல் சத்யம் பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயரும் வணிகப் பெயர் போலவே காக்கப்படும் என்பது தீர்ப்பின் சாரம். யார் முதலில் பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தார் என்பது இத்தகைய வழக்குகளில் எடைபோடப்படும். எனவே பழைய பில் புத்தகம், தேதியுள்ள நோட்டீஸ், கடைப் பலகையின் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். டாட் இன் தகராறுகளுக்கு நிக்ஸியின் நடுவர் முறை இருக்கிறது. டாட் காமுக்கு உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் முறையிடலாம், ஆனால் ஒரே நடுவர் விசாரிப்பதற்கே 1500 டாலர் கட்ட வேண்டும். நம்மூர்க் கடைக்காரருக்கு அது கட்டுபடியாகாது. முதல் நாளே டாட் இன், டாட் காம் இரண்டையும் பதிந்துவிடுவதுதான் மலிவு.

இனிப் பலருக்கும் தெரியாத ஒன்று. பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வெப்சைட்டின் நிரலும் வடிவமைப்பும் தானாக உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் செய்தால் மட்டும் நிலை வேறு. வெளியாள் செய்தால், உரிமையை மாற்றித் தருவதாக அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே என்று 19-வது பிரிவு கொள்ளும். "முழு உரிமையும் நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும்" என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். விசித்திரம் என்னவென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோக்களில், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை காசு கொடுத்தவருக்கே. கூகுளில் தேடி எடுத்த படத்துக்கு இது பொருந்தாது. அதன் சொந்தக்காரர் நோட்டீஸ் அனுப்பினால் வருவது உங்கள் வாசலுக்குத்தான், டிசைனர் வாசலுக்கு அல்ல.

அடுத்தது எல்லைச் சிக்கல். நமக்குப் பொள்ளாச்சி பக்கத்து ஊர். ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். வரிக்குரிய பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24-வது பிரிவுப்படி பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. தேங்காய்க்கு வரி இல்லை, அதை மட்டும் விற்பவர் பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய்க்கு வரி உண்டு. வெப்சைட்டில் கோவையிலிருந்து முதல் ஆர்டர் வரும் முன்பே கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் வேண்டும்.

வெப்சைட் ஓடத் தொடங்கியதும் போன் அழைப்புகள் வரும். "கூகுளில் முதலிடம், கேரண்டி" என்பார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடமும் ஓடிபி கேட்பவரிடமும் பேச்சை நிறுத்துங்கள். டொமைன் காலாவதி என்று பில் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் உங்கள் பதிவாளர் கணக்கில் போய்ப் பாருங்கள். என்னைக் கேட்டால், விளம்பரச் செலவுக்கு முன்னால் தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு பக்கம் எழுதுவது மேல். ஊர்ப்பெயர், நேரம், போன் நம்பர் மூன்றும் படத்துக்குள் இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். தேடுபொறி அதைத்தான் எளிதில் படிக்கும்.

விளம்பர வாசகத்திலும் ஜாக்கிரதை. "சர்க்கரை நோயை அறவே போக்கும்" என்று எண்ணெய்க்கோ பொடிக்கோ எழுதினால் 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் பாயும். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆன்லைனில் விற்றால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உண்டு: கடையின் சட்டப்பெயர், முகவரி, குறைகேட்பவர் பெயர் வெளியில் தெரிய வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

தகராறு வந்துவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள். போனில் திட்டியது சாட்சியாகாது. பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: டிசைனர் கோவையில் இருந்தாலும், 2019 சட்டம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில், அதாவது பாலக்காட்டிலேயே மனு கொடுக்க வழி தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். "இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். பிழைப்புக்கான சுயதொழில் என்றால் அதை மனுவிலேயே விளக்கி எழுதுங்கள், வக்கீலிடமும் காட்டுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றி உங்களை வெளியே தள்ளினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண். போலீஸ் நிலையத்தில் "கோவைக்குப் போங்க" என்றால், எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்வதை நினைவூட்டுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா, 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

மலையாளம் எழுத வராது என்று புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை எழுதிக் கொடுக்கலாம் என்று அரசமைப்பின் 350-வது உறுப்பு சொல்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள்.